ஆளுக்கொரு பலாக்கன்று

தெஹியோவிட்டப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே ஒரு சரிவு இருந்தது. விறகுக்கு வெட்டி வெட்டி மொட்டையாகிப் போன சரிவு. ஒருமுறை அதிகாரி ஒருவர் வந்து, மரம் நடாவிட்டால் மலை சரியும் என்று படம் காட்டிப் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் கோயிலில் பொங்கல் வைத்து வேண்டிக்கொண்டு, மிச்சமிருந்த மரத்தையும் வெட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, பலாக்கன்றுகளோடு கிளம்பினார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் கூடப் போனேன். பிள்ளைகள் நிறைந்த வீட்டில், பசிக்குப் பலாக்காய் ஆகும் என்றார். ஆடு வளர்க்கும் பெரியப்பாவிடம், ஆடு தின்னும் பலா இலைக் குழையைப் பற்றிப் பேசினார். நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரிடம், மழைக்குச் சேறு கடைக்குள் வராது என்றார். கீழே சிங்களக் கிராமத்துக்கும் போய், வயலில் மண் இறங்காது என்று சிங்களத்தில் சொல்லி, மண்வெட்டியோடு நாலு பேரைக் கூட்டி வந்தார். மலை சரியும் என்று மட்டும் ஓரிடத்திலும் சொல்லவில்லை. எனக்கு எட்டு வயது. அத்தை வீட்டுக்கு வீடு பொய் சொல்கிறார் என்று நினைத்துக் கூசிப்போனேன்.

நடுகிற அன்று மாட்டிக்கொண்டார். எல்லோரும் ஒன்றாகக் கூடியதும் பேச்சு வெளியே வந்துவிட்டது. பெரியப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எங்கிட்ட ஆட்டுக்குக் குழைன்னே. நானாகிட்ட சேறுன்னே. எதும்மா நெசம்?"

அத்தை கன்றைக் குழியில் இறக்கியபடியே சொன்னார்.

"எல்லாமே நெசந்தாண்ணே. ஒங்களுக்கு எது வேணுமோ அத எடுத்துக்கங்க."

நானா சிரித்துவிட்டார். மண்வெட்டிகள் மறுபடி இறங்கின. கன்றுகள் வளரும்வரை ஆடுகளைக் கட்டிப்போட்டுக் காவல் காத்தவரும் பெரியப்பாதான்.

வீட்டுக்கு இறங்கி வரும்போது, அந்த அதிகாரி சொன்னதை ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பயத்தச் சொன்னா சனம் சாமியக் கும்பிட்டுட்டுப் படுத்துரும். பலாப்பழத்தச் சொன்னாத்தான் குழி வெட்டும்" என்றார்.

இப்போது அந்தச் சரிவில் வெயில் தரையில் விழுவதில்லை. யார் மரத்துக் காயை யார் பறித்தது என்று லயத்தில் சண்டைகூட வருகிறது.

கஹவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அத்தையைக் கட்டிக்கொடுத்திருந்ததையும், அங்கே ஒரு மழைநாளில் மாமாவையும் கைக்குழந்தையையும் மண் மூடியதையும், நான் பெரியவளான பிறகுதான் அம்மா சொன்னார். எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், எல்லோருக்கும் ஒரு காரணம் வைத்திருந்த அத்தைக்குத் தனக்கென்று ஒரு காரணமும் இல்லை என்பதுதான்.