துருவின் மேல் அடித்த முத்திரை

ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன் நான், ராஜபாளையத்தில் இருக்கிறேன். ராணுவத்தில் என்னோடு இருந்து லாரி ஓட்டிய நண்பர் இறந்து இரண்டு மாதம் கழித்து, அவர் மனைவி எஸ்தர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஒரு பழைய கைத்துப்பாக்கியை மேசைமேல் வைத்தார்.

“எங்க வீட்டுக்காரவிய தாத்தா வெள்ளக்காரன் பட்டாளத்துல வச்சிருந்ததுன்னு சொல்லுவாவ. நெசமாண்ணே?”

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். புதுத் துப்பாக்கியைச் சுட்டுச் சோதித்தபின் குழலில் அடிக்கும் முத்திரை, இதில் துருப் பள்ளங்களுக்கு மேலே அடிக்கப்பட்டிருந்தது.

“போலிம்மா. துருப்பிடிச்ச பொறவு எவனோ அடிச்சிருக்கான்” என்றேன். கண்டுபிடித்த விதத்தையும் உற்சாகமாக விளக்கினேன்.

“அப்போ முப்பது வருஷமா எங்கிட்ட பொய்தான் சொல்லியிருக்காவ.”

எஸ்தர் அழவில்லை. காப்பி கொண்டுவந்தார். குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

நண்பரையே யாராவது ஏமாற்றியிருக்கலாம் என்பது மறுநாள்தான் உறைத்தது. உடனே போய்ச் சொன்னேன்.

“இருக்கும்ண்ணே” என்றார். துப்பாக்கியைக் காலையிலேயே போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்தார். முந்தின நாள் சுவரில் மாட்டியிருந்த நண்பரின் படத்தையும் காணவில்லை.

‘அவரும் ஏமாந்திருக்கலாம்’ என்ற அந்த ஒரு வார்த்தையை முதல் நாளே சொல்லியிருக்கலாம். இன்றும் அதை நினைக்கிறேன். அழுகை வருவதில்லை, மனசு மரத்துக் கிடக்கிறது.