தவுக்கேயின் எறும்புகள்

மகளின் பூனைக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் போய்ப் பார்த்தது எங்கள் குளியலறைத் தரையை. மகள் கூடத்தில் உட்கார்ந்து, பூனையின் வாலடியில் முடி கொட்டிப்போன இடத்தை மருந்துத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான், ஐம்பது வயது ஆள், கைலியை மடித்துக் கட்டி முட்டி போட்டு மூலை மூலையாக எறும்பு தேடினேன். அப்பாவுக்குக் கழன்றுவிட்டது என்று அவள் தன் அம்மாவிடம் சொன்னாள். கழன்றது இப்போதல்ல, பத்து வயதில்.

அப்போது எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனில் ஐந்தாம் மாடி வீடு ஒன்றில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், தவுக்கே. எங்கள் ஊரில் கடை முதலாளியைத் தவுக்கே என்போம். கீழே மீன் விற்ற சீனருக்கும் எங்கள் பூனைக்கும் தொப்பை ஒரே அளவு என்பதால் அப்பா வைத்த பெயர்.

அந்தத் தொப்பை ஒரு நாள் வற்றத் தொடங்கியது. பூனை தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகர மறுத்தது. முடியெல்லாம் எண்ணெய் வடிந்து ஒட்டிக்கொண்டு, முதுகில் பொடுகு. வாலடியில் உள்ளங்கை அளவுக்கு முடி உதிர்ந்து, கடித்துக் கடித்துப் புண்ணாகிவிட்டது. அம்மாதான் கூடையில் போட்டு மிருக டாக்டரிடம் தூக்கிப் போனாள். கூடவே நானும் போனேன். அந்தச் சீனப் பெண் டாக்டர் மலாயில் பொறுமையாகச் சொன்னார். பூனைக்கும் இனிப்புநீர் வரும். சீனி இறங்காத வரை தோல் ஆறாது. இரண்டு வேளை ஊசி, நேரத்துக்குச் சாப்பாடு. புண்ணைத் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுத்து, களிம்பு போட்டு, அது நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மனிதருக்கு ஒட்டாது, பயப்படாதீர்கள். மூத்திரத்தில் எறும்பு மொய்த்தால் மட்டும் உடனே வாருங்கள், சீனி ஏறிவிட்டது என்று அர்த்தம்.

ஊசி அம்மாவின் வேலை. களிம்பு உள்ளே இறங்கும் வரை பத்து நிமிடம் தவுக்கேயைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அது என் மடியில் மல்லாந்து கிடந்து, வேலைக்குத் தாமதமாக வந்த ஆளைப் பார்ப்பதுபோல் என்னை முறைக்கும். அம்மா எதிரே உட்கார்ந்து சிரிப்பாள். சிரித்தபடியே தன் கணுக்காலைச் சொறிந்துகொள்வாள்.

இரண்டு மாதத்தில் வாலடியில் பஞ்சுபோல் முடி முளைத்தது. அம்மாவின் கணுக்கால்தான் சிவந்து, புண்ணாகி, ஆறாமலே கிடந்தது.

"பூனைத் தெள்ளு கடிச்சிருக்கும்லா, விடுங்க" என்றாள் அப்பாவிடம்.

பிறகு ஒரு நாள் என் வயிற்றில் பத்துப் பன்னிரண்டு சிவப்புத் தடிப்புகள். தவுக்கேயின் மணல் தட்டுக்கு எறும்பு வருகிறதா என்று தினமும் வெறும் உடம்போடு தரையில் குப்புறப் படுத்து வேவு பார்ப்பவனை வழியில் போகிற எறும்பு கடிக்கத்தான் செய்யும். அது எனக்கு உறைக்கவில்லை. ஒட்டிக்கொண்டது என்று முடிவு செய்துவிட்டேன்: முதலில் அம்மாவுக்கு, இப்போது எனக்கு. என் கோலிகளை மூன்றாம் மாடிப் பையனுக்கு விட்டுச் செல்வதாகக் காகிதத்தில் எழுதினேன். அவன் என் பம்பரத்தைத் திருப்பித் தராதது ஞாபகம் வந்து அந்த வரியை அடித்தேன். பிறகு ஒரு காலி பால் டின்னில் மூத்திரம் பெய்து, சமையலறை எறும்புகள் போகிற வழியில் வைத்துக் காவல் இருந்தேன். ஓர் எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

மறுநாள் விடிகாலை, குளியலறை மூலையில், தண்ணீர் போகும் துளையருகே எறும்புகள் வரிசை கட்டி நின்றன.

தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே ஓடி ஒளிகிற பூனை எதற்கு அங்கே போகப் போகிறது? யோசிக்க எனக்கு நேரமில்லை. சட்டையைத் தூக்கிக்கொண்டு கத்தினேன்.

"அப்பா! தவுக்கே பாத்ரூம்ல பேஞ்சி வெச்சிருக்கு, ஒரே எறும்பு! சீனி ஏறிப்போச்சு! அம்மாவுக்கும் ஒட்டிக்கிச்சு, எனக்கும் ஒட்டிக்கிச்சு!"

அப்பா என் வயிற்றைப் பார்த்தார். அம்மாவின் காலைப் பார்த்தார்.

"போதும். அக்கரையில, மாக் மண்டின்ல ஒன் தம்பி பட்டறையில கொண்டுபோய் விட்டுருவோம்."

"ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல? அங்க யாரு ஊசி போடுவா?"

"லாரிக்கே கிரீஸ் அடிக்கிறவன், பூனைக்கு ஒரு ஊசி போடமாட்டானா?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ பாத்தியாய்யா? அதுதான் பேஞ்சிச்சா?"

"பாத்தேம்மா" என்றேன். பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபெரிப் படகில் அக்கரைக்குப் போனோம். வழியெல்லாம் கூடைக்குள்ளிருந்து தவுக்கே கத்தியது. மாமா கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். அம்மா ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள்: ஊசி எவ்வளவு, எந்தத் தண்ணீரில் துடைப்பது, எந்தக் களிம்பு.

"களிம்பு போட்டா பத்து நிமிசம் பிடிச்சிக்கணும். நக்க விட்றாத."

"சரிக்கா, ஒரு கவர்னரைப் பாத்துக்கிற மாதிரி பாத்துக்கிறேன், போதுமா?"

திரும்பும்போது அம்மா காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி வந்தாள்.

நான்காம் நாள் மாமா போன் செய்தார். காலையில் பட்டறைக் கதவைத் தூக்கியபோது தவுக்கே வெளியே ஓடிவிட்டதாம். ஆட்களை விட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. வீட்டில் மிச்சமிருந்த களிம்பை அம்மா எறியவில்லை. குளிர்ப்பெட்டியில் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் விடிகாலை நான் குளியலறைக்குப் போனேன். அதே மூலை. அதே வரிசை.

பூனை இல்லாத வீட்டில் எறும்பு. யாராவது பார்த்தால் நான் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். தவுக்கேயை நான்தான் துரத்தினேன் என்று தெரிந்துவிடும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, விளக்குமாற்றால் தேய்த்துக் கழுவினேன். மறுநாளும் வந்தன, கழுவினேன். அதன்பிறகு எல்லாருக்கும் முன்னால் எழுந்து குளியலறையைக் கழுவுவது என் பழக்கமாகிவிட்டது.

"நான் ஒண்ணும் சொல்லவே இல்ல, அவனாத்தான் செய்யிறான்" என்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமை பேசினாள். கையில் தண்ணீர்க் குவளை இருந்தது. அப்போதெல்லாம் அவள் கையில் எப்போதும் ஒரு குவளை இருந்தது.

அடுத்த வருடம் அம்மாவின் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மருத்துவமனையில் கட்டு மாற்ற வந்த தமிழ் நர்ஸ் மிஸ்ஸி அங்கலாய்த்தார்.

"சீனி இவ்வளவு ஏறுற வரைக்கும் தெரியவே இல்லையாக்கா? பாத்ரூம்ல எறும்புகூட வரலியா?"

அம்மா படுத்தபடியே கையை நீட்டி என் தலையில் வைத்தாள்.

"எறும்பா? ஒண்ணுகூடப் பாத்ததில்ல மிஸ்ஸி. எம்மவன் தெனமும் கழுவிருவான்."

மிஸ்ஸி என் கன்னத்தைத் தட்டி, நல்ல பிள்ளை என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். தவுக்கே விஷயம் வெளியே வரவில்லை, தப்பித்தோம் என்றுதான் அப்போது நினைத்தேன்.