அக்காவின் தாடைக்கு ஒரு கூடு

பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து வண்டிகளை அறிவிப்பதுதான் அக்காவின் வேலை. அவள் குரல் கேட்ட பிறகுதான் ஓட்டுநர்கள் டீ கிளாசைக் கீழே வைப்பார்கள்.

மேல்வரிசைப் பற்கள் எல்லாம் போய், கழற்றி மாட்டும் பல்செட் வந்த பிறகும் பல வருஷம் சமாளித்தாள். ஆனால் பல் இல்லாத தாடையில் எலும்பு கரைந்துகொண்டே போகும். பிடிமானம் குறைந்து, பேச்சின் நடுவே செட் நழுவத் தொடங்கியது.

"அக்கா, பல்லு ஏறிடுச்சா? நான் வண்டிய எடுக்கலாமா?" என்று ஒரு ஓட்டுநர் கேட்டாராம். வாயைக் கையால் மூடிக்கொண்டு அவளும் சிரித்திருக்கிறாள். பிறகு பார்சல் பிரிவுக்கு மாற்றினார்கள். பல்லைச் சரிசெய்துகொண்டு வந்தால் மைக் அவளுக்குத்தான் என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் கத்திக்கு வாயைத் திறந்தாள்.

நிரந்தரப் பல்லைத் திருகி நிறுத்த அவள் மேல்தாடையில் எலும்பே இல்லை. டாக்டர் ஸ்கேன் எடுத்து, அவள் தாடையின் மேடுபள்ளத்துக்கு அச்சாகப் பொருந்தும் டைட்டானியம் வலைக்கூடு ஒன்றைச் செய்வித்து, அதில் எலும்புத்தூளை நிரப்பிப் பொருத்தி, மேலே ஈறை இழுத்துத் தைத்தார். உள்ளே எலும்பு வளரும்வரை பல்செட் போடவே கூடாது, அழுத்தினால் ஈறு கிழியும் என்று அத்தானையும் உட்காரவைத்துச் சொன்னார். அத்தான் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

சம்பந்தி வீட்டார் வருவதாகத் தகவல் வந்தது.

"ரெண்டு மணி நேரம் போட்டா உசுரா போயிடும்? பொக்கை வாயோட நின்னு என் மானத்த வாங்காத" என்றார் அத்தான்.

போட்டாள். வந்தவர்கள் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

சில நாளில் ஈறு பிளந்து சாம்பல் நிறக் கம்பி தெரிந்தது. சீழ் பிடித்தது. கூட்டையே கழற்ற வேண்டியதாயிற்று. டாக்டருக்குத் தொழில் தெரியாது என்று அத்தான் வரவேற்பறையில் நின்று கத்தினார். அக்கா வாயில் பஞ்சோடு வெளியே வந்து மெதுவாகச் சொன்னாள்: "அவர் தப்பில்லீங்க. உங்க மானத்தத்தான் நான் வாயில மாட்டிக்கிட்டேன்."

அதற்குப் பிறகு அவள் செட்டைத் தொடவில்லை. அடுத்த முறை சம்பந்தியம்மா வந்தபோது பொக்கை வாயோடு கதவைத் திறந்தாள். அந்த அம்மாள் சாவகாசமாக உட்கார்ந்து, "எனக்கும் மேல செட்டுதாங்க, வீட்டுல யாரு போடுறா" என்றாள். கூட இருந்த எனக்கு அத்தானை அறையலாம் போலிருந்தது.

ஈறு ஆறியதும் இரண்டாவது கூட்டுக்கு அளவு எடுத்தார்கள். அது வருவதற்குள் அக்காவின் இதயம் நின்றுவிட்டது.

நேற்று அவளைக் கூடத்தில் கிடத்தியதும் அத்தான் அலமாரியிலிருந்து பல்செட்டை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். "வாய் உள்ள போய்க் கெடக்கு. நாலு பேர் பாப்பாங்க, போட்டு விடும்மா."

"மாட்டேன் அத்தான்."

"செத்தவளுக்கு இனி என்ன வலிக்கப் போகுது?"

வலிக்கும் என்று தெரிந்தேதான் அன்றைக்கு அவர் போடச் சொல்லியிருக்கிறார். அக்காவின் முகத்தில் கிடந்த துணியை முழுக்க விலக்கிவிட்டு, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அவள் தலைமாட்டிலேயே நின்றேன்.