கிருஷ்ணப்பா நுழைய முடியாத தெரு

பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஒரு வதந்தி: கிருஷ்ணப்பா அரசியலை விட்டுவிட்டாராம். ஆதாரம்? மகளிர் சங்கத் தலைவி பாஞ்சாலியின் தெருவில் போன மாதம் ஒரு பெரியவர் இறந்தார். கிருஷ்ணப்பா வரவில்லை.

கிராமப் பஞ்சாயத்து, நகரசபை, மாநகராட்சி என்று வாசல் பலகை மாறியபோதெல்லாம் உள்ளே உட்கார்ந்திருந்தவர் அவர். தண்ணீர் வராத தெரு உண்டு, விளக்கு எரியாத தெரு உண்டு. அவர் மாலையோடு நிற்காத சாவு வீடு கிடையாது. தமிழ் வீட்டில் தமிழில் அழுவார், கன்னட வீட்டில் கன்னடத்தில். மாநகராட்சித் தேர்தல் நடந்து பல வருஷமாகியும் எல்லோருக்கும் இன்னும் ‘கார்ப்பரேட்டர் அண்ணா’தான்.

ஊர்க்காரர்கள் நாங்கள் சிலர் விசாரிக்கப் போனால், மனிதர் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“விட்டுட்டேனா? யாருப்பா சொன்னது? எலெக்‌ஷன் எப்ப வேணா வரும். அந்தத் தெருவுக்குள்ள போக முடியல, அவ்வளவுதான். அந்த ஓட்டு இல்லாம நான் ஜெயிச்சதே இல்ல.”

நடந்தது இது. அந்தப் பெரியவர் சாவுக்கு முன்னால் பாஞ்சாலியின் மாமியார் இறந்தபோது, முதல் ஆளாகப் போனவர் இவர்தான். வண்டி, தண்ணீர் லாரி எல்லாம் இவர் ஏற்பாடு. கிளம்பும்போது, காலமெல்லாம் வாசல் வாசலாக ஓட்டுக் கேட்ட பழக்கத்தில் கைகூப்பிச் சொல்லிவிட்டார்: “வரேம்மா. மறுபடியும் கண்டிப்பா வரேன்.”

சாவு வீட்டில் சொல்லாமல்தான் கிளம்ப வேண்டும். சொன்னால் இன்னொரு சாவு விழும் என்பார்கள். பத்தே நாளில் எதிர்வீட்டில் இருந்த அந்தப் பெரியவர் போய்ச் சேர்ந்தார். தொண்ணூறு தாண்டியவர், ஆனாலும் பழி கிருஷ்ணப்பாவுக்கு; தெருப்பக்கமே வரக் கூடாது என்றுவிட்டார்கள்.

சமாதானம் பேச அவரை இழுத்துக்கொண்டு போனோம். பாஞ்சாலி வாசலிலேயே நிறுத்தினார்.

“ரோடு போட வரேன்னீங்க, வரல. இதுக்கு மட்டும் சொன்ன வாக்கு உடனே பலிச்சிடுச்சேண்ணா.”

“வாய் தவறிடுச்சும்மா. என்ன பரிகாரம்னாலும் செய்றேன்.”

“ஒரு நல்ல காரியத்துக்கு வந்து இந்த வீட்ல கை நனைங்க. அப்பத்தான் அந்தப் பேச்சு கழியும். ஓட்டெல்லாம் அப்புறம்.”

அந்த வீட்டில் நடக்கக்கூடிய ஒரே நல்ல காரியம், மகள் மகாவின் கல்யாணம். மகா உள்ளே லேப்டாப்பில் வேலையாக இருந்தாள். கிருஷ்ணப்பா குழைந்தார்.

“பாப்பா, ஒரு நல்ல பையனாப் பாக்கட்டுமா? எலெக்‌ஷனுக்கு முன்னாடியே முடிச்சிரலாம்.”

“அங்கிள், எலெக்‌ஷன் வைக்கறவங்களே அவசரப்படல. எனக்கென்ன அவசரம்?”

மற்ற தெருச் சாவுகளுக்குத் தவறாமல் போகிறார். உதட்டை இறுக்கிக்கொண்டு கிளம்புகிறார். மகாவுக்காக அவர் கொண்டுவந்த ஜாதகங்கள் எல்லாம் திரும்பிவிட்டன. பாஞ்சாலி வீட்டில் அவர் சாப்பிட வேண்டிய ஒரு வேளைச் சாப்பாடு இன்னும் பாக்கி.