சேரப்பணஞ்சேரிக்கு ஒரு காந்தம்

என் மனைவி நித்யா இறந்து நான்கு மாதம் ஆகிறது. மருந்துக்கு அடங்காத வலிப்பு. அவளுக்குப் பொருத்திய நரம்புத் தூண்டல் கருவியோடு வந்த காந்தம் வீட்டில் சும்மா கிடந்தது. மருத்துவமனையில் பழக்கமான முருகன் போன் செய்தார். அவர் மனைவி கலாவுக்கும் அதே கருவிதான். இரண்டு காந்தத்தில் ஒன்று தொலைந்துவிட்டதாம். போன சனிக்கிழமை கிளம்பினேன்.

தாம்பரத்தில் மதியம் 1.20-க்கு ஒரகடம் பஸ், தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஏறுவது. சேரப்பணஞ்சேரி சுமார் இருபது கிலோமீட்டர், டிக்கெட் எட்டு ரூபாய். படப்பை தாண்டினால் புழுதி, கைக்குட்டை அவசியம்.

“இன்னா கம்பெனி சார்?” என்றார் கண்டக்டர்.

“கம்பெனி இல்லைங்க, ஒரு வீட்டுக்கு.”

“இந்த டயத்துல வூட்டுக்குப் போற மொத ஆளு நீதான் சார்!”

முருகனுடையது ஒற்றை அறை வாடகை வீடு. அவருக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம், கலாவுக்குப் பென்னலூர். கருவி இடது மார்பில் தோலுக்கடியில் இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்து நரம்புக்குத் துடிப்பு அனுப்பும். வலிப்பு வரும்போது மேலே காந்தத்தை ஒரு தடவு தடவினால் கூடுதலாக ஒன்று.

“வலிப்பு ஒண்ணுமே கொறயல சார்,” என்றார் முருகன். “ டாக்டர் இத நிறுத்திருவோம்னா, வேலய விட்டுட்டு இவ பக்கத்துலயே இருந்துர வேண்டியதுதான்.”

கலா சிரித்தார். “இவரு பண்ண கூத்தப் பாருங்கண்ணா. எல்லா நைட்டிக்கும் உள்ள பை தெச்சி, காந்தத்தப் போட்டு வுட்டுகீறாரு.”

“நீ எங்கயாச்சும் வச்சிட்டு மறந்துருவ. நான் கம்பெனி லைன்ல நிக்கையில வலிப்பு வந்துட்டா?”

பை எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடது. கருவிக்கு நேர் மேலே.

தடவி எடுத்தால்தான் துடிப்பு. காந்தம் அங்கேயே இருந்தால் கருவி நின்றுவிடும். ஒவ்வொரு துடிப்புக்கும் குரல் சற்றுக் கம்மும். கலா அரை மணி நேரமாகப் பேசுகிறார், குரல் ஒருமுறைகூடக் கம்மவில்லை. அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

சொன்னேன். முருகன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப நாந்தான் நிறுத்தி வச்சிருந்தேனா சார்?”

“எனக்குத் தைக்கத் தெரியாது முருகன். தெரிஞ்சிருந்தா நானும் இதத்தான் செஞ்சிருப்பேன்.”

காந்தத்தை இடுப்புக்கு மாற்றினோம். காத்திருந்தோம். கலா அவரை விடாமல் வைதுகொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் குரல் கம்மிக் கரகரத்தது. முருகன் பதறி எழுந்தார்.

“உக்காருங்க. இப்பதான் வேலை செய்யுது.”

நித்யாவின் குரலும் இப்படித்தான் கம்மும்.

இந்தக் கருவி உள்ளவர்களுக்கு: காந்தம் இடுப்பில் இருக்கட்டும், மார்புப் பக்கம் வேண்டாம். இப்படி நடந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திரும்பும் பஸ் 4.40-க்கு, அடுத்தது 5.30. முதல் பஸ்ஸை நான் விட்டுவிட்டேன். கலா இன்னும் ஐந்து நிமிடம் பேசட்டும் என்றிருந்தது.