குட்மேய்ஸில் பதினெட்டு டிகிரி: ஒரு பெட்டி தேர்மோஸ்டாட்டோடு லண்டன் போன கதை

லண்டன் போய் வந்தேன் என்றால் மணிக்கூட்டுக் கோபுரத்தோடு எடுத்த படம் எங்கே என்று கேட்பீர்கள். படம் இல்லை. போய் நின்ற நாட்களில் நான் பார்த்தது ஆறு ரேடியேட்டர்களையும், டூட்டிங்கில் ஒரு பிளம்பரின் வாளியையும்தான். ஆனாலும் ஐரோப்பாவுக்கு வந்த நாளிலிருந்து இதைவிட நல்ல பயணம் நான் போனதில்லை.

2009 நவம்பர். என் தங்கை சுதாவும் அவள் கணவர் ரஞ்சனும் கிழக்கு லண்டனில், இல்ஃபோர்ட் தாண்டி, குட்மேய்ஸில் இருக்கிறார்கள். ஒக்டோபரில் அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது, குறித்த நாளுக்கு ஏழு வாரம் முந்தி. பிறந்ததிலிருந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள். ஊரில் போர் முடிந்த அந்த வருடம் எங்கள் ஆட்களுக்கு எப்படிப்பட்ட வருடம் என்று நான் எழுதத் தேவையில்லை. டெலிபோன் அடித்தாலே நெஞ்சு பக்கென்றது. எடுத்தால் யாரோ ஒருவர் இல்லையென்ற கதைதான். அந்த வருடம் முழுவதிலும் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரேயொரு நல்ல செய்தி இந்தப் பிள்ளை.

ஒரு திங்கட்கிழமை ஜெர்மனியில், நான் இருக்கும் டோர்ட்முண்டில், என் டெலிபோன் அடித்தது. சுதா, அழுதுகொண்டு. பிள்ளையை வீட்டுக்கு விடலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார், ஆனால் வீடு பார்க்க வந்த நேர்ஸ் மாட்டேன் என்றுவிட்டாராம். பிள்ளைக்கென்று ஒதுக்கிய மேல்மாடிப் பின்னறை காலையில் பதின்மூன்று டிகிரி, மத்தியானம் இருபத்தைந்து. பதினெட்டுக்குக் கிட்ட நிற்க வேண்டும், இப்படித் துள்ளக்கூடாது, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் திரும்ப வருவேன், அப்போதும் இப்படியென்றால் பிள்ளை ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எண்ணெய் ஹீட்டர் வாங்கி வைத்தும் பார்த்தார்கள். அது அறையைச் சூளையாக்கிவிட்டது.

இதைக் கேட்டவுடனேயே வீட்டில் கோளாறு எங்கே என்று எனக்கு விளங்கிவிட்டது. இங்கே நான் கட்டடச் சாமான் கடையில் ஹீட்டிங் பகுதியில் நிற்கிறவள். பொயிலர் காய்ச்சும் வெந்நீர் குழாய் வழியாக ஒவ்வொரு அறை ரேடியேட்டருக்கும் ஓடித்தான் வீடு சூடாகும். லண்டன் வீடுகளில் பெரும்பாலும் சூட்டை அளந்து பொயிலரை ஏவும் தேர்மோஸ்டாட் முழு வீட்டுக்கும் ஒன்றே ஒன்று, அதுவும் வாசல் கதவுக்குப் பக்கத்தில். கதவு திறந்தால் அதற்குக் குளிரும், பொயிலர் எரியும், மேல்மாடி வேகும். கதவைச் சாத்தினால் வாசல் ஹோல் சூடாகும், பொயிலர் நிற்கும், பின்னறை உறையும். பாவம் பிள்ளை என்ன செய்யும்! "அழாதை. நான் வாறன்" என்று சொல்லிவிட்டு டெலிபோனை வைத்தேன்.

எங்கள் கடையில் வயரில்லாத தேர்மோஸ்டாட் விற்கிறோம். ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. ஒன்று மோட்டர் வைத்த தலை, அதை ரேடியேட்டரின் வால்வில் பூட்ட வேண்டும். மற்றது உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. அறையின் சூட்டை அது அளந்து, கூட்டு, குறை என்று தன் ஜோடித் தலைக்கு ரேடியோவில் சொல்லும். ஒரு அறைக்கு ஒரு ஜோடி, மற்ற அறையோடு சோலி கிடையாது. ஆறு ஜோடி எடுத்துக்கொண்டு செவ்வாய் மாலை கோச் பஸ் ஏறினேன். போக நாற்பத்திரண்டு யூரோ, கிட்டத்தட்ட பன்னிரண்டு மணித்தியாலம். விமானத்தில் போகாததற்குக் காரணம் பெட்டியின் பாரம். மூன்று கிலோ ஈரப்பலாக்காய் வேறு, சுதா கேட்டாள் என்று.

பிரான்ஸின் கலே துறைமுகத்தில் எக்ஸ்ரேயில் என் பெட்டி போனதும் பெல்ட் நின்றது. பன்னிரண்டு வெள்ளைச் சாமான், எல்லாவற்றுக்குள்ளும் பட்டரி, நடுவில் முள்ளு முள்ளாக மூன்று காய். நான் அந்த அதிகாரியாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். ஒரு தலையை எடுத்து, பட்டனை அழுத்தி, மோட்டர் விர்ரென்று சுழல்வதைக் காட்டி, என் உடைந்த ஆங்கிலத்தில் பிள்ளை, குளிர், நேர்ஸ், வெள்ளிக்கிழமை என்றேன். மனிதர் முழுவதையும் கேட்டுவிட்டு, இது ஒன்று என்ன விலை, என் வீட்டுப் படுக்கையறையும் இப்படித்தான் என்றார். கோச்சில் இருந்தவர்கள் என்னை முறைத்தார்கள். முறைக்கட்டும்.

விக்டோரியாவில் இறங்கி லிவர்பூல் ஸ்ட்ரீட், அங்கிருந்து ரயிலில் இருபத்தைந்து நிமிடம், குட்மேய்ஸ். ஒய்ஸ்டர் கார்ட் என்ற பயண அட்டை ஒன்றை முதலே எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு முறையும் ரிக்கெற் வாங்கினால் காசு கரைந்துவிடும். சுதா கதவைத் திறந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். ரஞ்சன் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பெற்றோல் ஷெட்டில் மேனேஜர், எதையும் கண்ணால் கண்டால்தான் நம்புவார். "வயரும் இல்லை ஒண்டும் இல்லை. காத்தில கதைக்கிற சாமானை நம்பிப் பிள்ளையை விடச் சொல்லுறியளோ அக்கா?" என்று கேட்டார். கையில் இருக்கும் மொபைல் எதில் கதைக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். அதன் பிறகு ஸ்குரூ டிரைவர் எடுத்துத் தந்தார்.

புதன்கிழமையே ஹோல் உட்பட ஐந்து அறைக்கும் பூட்டியாயிற்று. தண்ணீரை நிறுத்தத் தேவையில்லை, பழைய தலையைக் கையால் திருகிக் கழற்றிவிட்டுப் புதியதைத் திருகினால் சரி. ஹோலில் இருந்த பழைய தேர்மோஸ்டாட்டை உச்சத்துக்குத் திருப்பிவிட்டேன், பொயிலர் எப்போதும் தயாராக நிற்கட்டும் என்று. ஆறாவது, பிள்ளையின் அறை. அங்கேதான் வந்தது வினை. அந்த ஒரு ரேடியேட்டரை மட்டும் முன்பு இருந்தவர்கள் மாற்றியிருக்கிறார்கள், அதன் வால்வின் கழுத்து வேறு அளவு. நான் கொண்டுபோன வளையம் ஒன்றும் பொருந்தவில்லை. என் வாயிலிருந்து வந்த சொற்களை இங்கே எழுத ஏலாது.

பக்கத்துக் கடைகளில் கேட்டால் ஒரு கிழமையில் எடுத்துத் தரலாம் என்றார்கள். கடைசியில் ரஞ்சனின் சிநேகிதர் ஒருவர் சொன்னார், டூட்டிங்கில் குகன் அண்ணை என்று ஒரு பிளம்பர், சுவிஸில் பத்து வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர், அவரிடம் இல்லாத சாமான் இல்லை என்று. வியாழக்கிழமை காலை புறப்பட்டேன். குட்மேய்ஸிலிருந்து லிவர்பூல் ஸ்ட்ரீட், அங்கிருந்து மூர்கேட் வரை ஒரு பொடிநடை, பிறகு நொதேர்ண் லைன் சுரங்க ரயிலில் நேராக டூட்டிங் ப்ரோட்வே. எல்லாமாக ஒன்றேகால் மணித்தியாலம். மூர்கேட்டில் எதிர்ப் பக்க ரயிலில் ஏறிவிடாதீர்கள். நான் ஏறி, ஆர்ச்வே வரை போய்த்தான் முழித்தேன். சரி, வந்தது வந்தாயிற்று, முருகன்தான் இழுத்திருக்கிறார் என்று ஹைகேட் மேட்டில் இருக்கும் முருகன் கோயிலுக்கு ஏறி, கும்பிட்டு, விபூதியும் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். இந்தப் பொட்டலத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குகன் அண்ணை ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில் இருந்தார். வால்வின் படத்தைக் கமராவில் காட்டினேன். வாளி நிறையப் பித்தளை வளையங்களை நிலத்தில் கவிழ்த்து, சுவிஸ் வேலை எப்படி, இந்த ஊர் வேலை எப்படி என்று பிரசங்கம் வைத்துக்கொண்டே தேடினார். மூன்றாவது வளையம் பொருந்தும் என்றார். "பொருந்தாட்டி எனக்கு டெலிபோன் அடியுங்கோ தங்கச்சி, நான் வந்து என்ர கையால பூட்டுறன்" என்றார். அவர் வரத் தேவைப்படவில்லை. பக்கத்துக் கடையில் மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டு, வீட்டுக்கும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். அதற்காகவே டூட்டிங் போகலாம்.

அன்று பின்னேரம் நாலரைக்குப் பிள்ளையின் அறையிலும் மோட்டர் விர்ரென்றது. ஆறு மணிக்குப் பெட்டி பதினெட்டு காட்டியது. வெற்றி! சந்தனப் பொட்டலத்தைச் சுதாவிடம் கொடுத்துவிட்டு, சோதித்துப் பார்க்க வேண்டாமா என்று அந்த அறையிலேயே பாய் விரித்துப் படுத்தேன். கோச்சில் வந்த களைப்பு, அடித்துப் போட்டதுபோல உறங்கிவிட்டேன்.

விடிந்து எழும்பினால் மூக்கு நுனி ஐஸ். ரேடியேட்டரைத் தொட்டேன், செத்த மீன். சுவரில் பெட்டி பதின்மூன்று என்றது. வேண்டியது பதினெட்டு என்றும் சரியாகக் காட்டியது, வால்வை முழுதாகத் திறக்கச் சொல்லிவிட்டேன் என்றும் காட்டியது. ஆனால் தலை அசையவில்லை. பட்டரியை மாற்றினேன். வளையத்தை இறுக்கினேன். மணி எட்டு. இன்னும் மூன்று மணித்தியாலத்தில் நேர்ஸ். ரஞ்சன் அறை வாசலில் வந்து நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். அதுதான் எனக்கு இன்னும் சுட்டது. நானல்லவா வருகிறேன் என்று மார்தட்டிக்கொண்டு வந்தவள்? என்னை நம்பிச் சுதா தொட்டிலுக்கு விரிப்புக்கூட விரித்து வைத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன்.

முகம் கழுவக் கீழே இறங்கினேன். ஹோலில் கால் வைத்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. பதினைந்தில் இருக்க வேண்டிய ஹோல் ரேடியேட்டர் தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. இதை யார் கூட்டியது என்று சுவரைப் பார்த்தால், ஹோல் பெட்டி இருந்த இடம் வெறுமை. படிக்குக் கீழே இருக்கும் அலுமாரிதான் சுதாவின் சாமியறை. கதவைத் திறந்தேன். முருகன் படத்துக்கு முன்னால், பிள்ளை பிறந்த நாளிலிருந்து கண்ணாடிக்குள் அணையாமல் எரியும் விளக்கு. விளக்குக்குப் பக்கத்தில், நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளைப் பெட்டி. இருபத்தேழு டிகிரி காட்டிக்கொண்டு ஜம்மென்று இருந்தது.

"சுதா!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அவள் குசினியிலிருந்து ஓடி வந்து, பெட்டியையும் என்னையும் பார்த்து, மெல்லமாகச் சொன்னாள்: "புதுச்சாமான் எண்டால் முதல்ல சாமிக்கு வைக்கிறனாங்கள்தானே அக்கா. அது பிள்ளையின்ர அறைக்கு வந்தது. ஒரு ராவாவது முருகனுக்கு முன்னால இருக்கட்டும் எண்டு நினைச்சன். நீங்கள் நல்ல நித்திரை. அறை குளிரக்கூடாதெண்டு ஹோல்ல இருந்ததைக் கழட்டி, பதினெட்டில திருப்பி, அங்க கொழுவிவிட்டன். எல்லாம் ஒரே மாதிரித்தானே?"

எல்லாம் ஒரே மாதிரித்தான். அதுதான் கூத்து. பிள்ளையின் பெட்டி விளக்குச் சூட்டில் இருந்துகொண்டு, "வெக்கை தாங்க ஏலாது, மூடு" என்று மேலே இருந்த தலைக்குச் சொல்லியிருக்கிறது. ஹோல் பெட்டி மேலே குளிரில் இருந்துகொண்டு, "உறையுது, திற" என்று கீழே ஹோல் ரேடியேட்டருக்குச் சொல்லியிருக்கிறது. இரண்டும் தங்கள் வேலையைக் குறையில்லாமல் செய்திருக்கின்றன. சாமான் பிழையில்லை! வாயைத் திறந்து அவளை ஏசத்தான் போனேன். ஆனால் போன வருடம் என் புதுக் காரைக் கோயில் வாசலில் நிறுத்தி, நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்தவள் யார்? நான்தான். சிரிப்பு வந்துவிட்டது. ஆர்ச்வேயிலிருந்து அந்தச் சந்தனத்தைச் சுமந்து வந்ததும் நான்தானே!

பெட்டிகளை இடம் மாற்றினோம். ரஞ்சன் மேலே ரேடியேட்டரில் கையை வைத்தபடி குந்தியிருந்தார். விர்ரென்று மோட்டர் திறந்தது, குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. "சூடு வருது அக்கா, வருது" என்றார். அந்தக் குரலில் கேலி இல்லை. ஒன்பதுக்குப் பதினைந்து, பத்துக்குப் பதினேழு, பத்தரைக்குப் பதினெட்டு. பிறகு அசையவில்லை.

நேர்ஸ் பதினொரு மணிக்கு வந்தார். எங்கள் பெட்டியை நம்பாமல் தன்னுடைய தேர்மோமீற்றரைத் தொட்டிலில் வைத்துவிட்டு, தேத்தண்ணீர் குடித்து, ரோல்ஸ் சாப்பிட்டு, அரை மணித்தியாலம் கழித்துப் போய்ப் பார்த்தார். பதினெட்டு. நாங்கள் மூவரும் படியில் வரிசையாக நின்றோம். அவர் சிரித்து, பின்னேரம் போய்க் கூட்டிவரலாம் என்றார். சுதா படியிலேயே குந்திவிட்டாள். போகும்போது, பெட்டியில் ஏன் சிவப்புப் பொட்டு என்று நேர்ஸ் கேட்டார். இரண்டு நாளாக என்னை நக்கலடித்த ரஞ்சன், கண்ணும் இமைக்காமல், அது பரிசோதித்துச் சரி பார்த்ததற்கான முத்திரை என்று ஆங்கிலத்தில் விளக்கினார். நேர்ஸும் நல்லது என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

பின்னேரம் நான்கு மணிக்குப் பிள்ளை வந்தாள். ஒரு முழம்கூட இல்லை. தொட்டிலில் கிடத்தியதும் கையை விரித்துக்கொண்டு உறங்கினாள். தலைக்கு மேலே பொட்டு வைத்த பெட்டி, பதினெட்டு.

இதைப் படித்துவிட்டுச் செய்யப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வாங்க முதல் எல்லா வால்வின் கழுத்தையும் அளந்து பாருங்கள், ஒன்று சரியென்றால் எல்லாம் சரியென்று நினைக்காதீர்கள். குளியலறை ரேடியேட்டரில் ஒன்றும் பூட்டாமல் விடுங்கள், எல்லா வால்வும் ஒரே நேரத்தில் மூடினால் தண்ணீர் ஓட ஒரு வழி வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் பின்னும் எந்த அறையென்று நகப்பூச்சால் எழுதுங்கள். வெய்யில் படும் யன்னலுக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். சாமிக்குக் கட்டாயம் வையுங்கள், நான் வேண்டாமென்று சொல்ல மாட்டேன். பட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள். பொட்டை மட்டும் அழிக்காதீர்கள். நாங்கள் அழிக்கவில்லை, நன்றாக வேலை செய்கிறது.

நான் திரும்பி வந்து மூன்று கிழமையாகிறது. தினமும் காலையில், வேலைக்கு வெளிக்கிடும் நேரத்தில், டெலிபோன் அடிக்கிறது. முன்பென்றால் எடுக்கவே தயங்குவேன். இப்போது தேத்தண்ணீரும் கையுமாகப் போய் எடுக்கிறேன். பின்னால் பிள்ளை வீரிட்டுக் கத்துகிறாள். சுதா ஒரே ஒரு சொல்தான் சொல்வாள்.

"அக்கா, பதினெட்டு."