லாரிக்குப் பூசிய திருநீறு

பினாங்குப் பாலத்தில் ஒரு கையால் லாரியை ஓட்டிக்கொண்டே மறு கையால் கோப்பியை ஆற்றிக் குடித்தவள் சவுந்தரம் என்று எங்கள் ஊர் ஆயர் ஈத்தாம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். கோப்பி நான் சேர்த்தது. லாரி உண்மை.

அடுத்த வீட்டுக்காரி அவள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். கணவர் அந்தோணிராஜுக்குச் சர்க்கரை வியாதியில் கண் மங்கியபோது, அவர் ஓட்டிய உர லாரியில் இவளே ஏறி உட்கார்ந்தாள். லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று மூன்றாம் தடவை தேறினாள். ஐந்தடிக்கும் குறைவான உயரம். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்தால்தான் கால் பெடலுக்கு எட்டும். ஆனாலும் பவர் ஸ்டியரிங் இருந்ததால் அவ்வளவு பெரிய லாரி அவள் சொன்ன பக்கம் திரும்பியது. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

1993இல், சரஸ்வதி பூசை முடிந்த வாரம், லாரி திரும்ப மறுத்தது. அதற்கு அப்போதே பதினைந்து வயது. ஸ்டியரிங்கை இலகுவாக்கும் சிவப்பு எண்ணெய் எங்கோ ஒழுகியது. காலையில் அதற்குரிய டப்பா நிறைய ஊற்றுவாள். பத்து காவான் என்கிற ஊரின் தோட்டத்தில் உரத்தை இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள் பாதி காலி. வளைவில் எண்ணெயைத் தள்ளும் பம்பு நாய்க்குட்டி மாதிரி முனகும், ஸ்டியரிங் கல்லாகிவிடும்.

பட்டறைக்காரர் அப்துல் ரஹீம் பம்பில் எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் 'சீல்' வளையத்தை மாற்றினார். ஒழுக்கு நிற்கவில்லை. மறுபடியும் அடியில் படுத்துப் பார்த்தவர், முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் பெட்டி முழுக்கச் சிவப்பாக வழிந்திருப்பதைக் காட்டினார்.

"பெட்டி போச்சுக்கா. பழைய மாடல், சாமான் கிடைக்காதுலா."

லாரி முதலாளி பரமநாதன், தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற கிராணி. எந்தக் காரியத்தையும் இரண்டு வரியில் முடிக்கிறவர்.

"சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன், சவுந்தரம். அப்புறம் அந்தப் பவரையே கழட்டிப் போட்டுட்டு, கைப்பலம் உள்ள ஆளா ஒருத்தனை வச்சுக்குறேன்."

"அப்போ நானு, ஐயா?"

"பள்ளிக்கூடக் கண்டீன்ல சமையல் வேலை கேட்டுப் பாரேன்."

அன்று வியாழன். அழுதுகொண்டு வருவாள் என்று நான் ஆறுதல் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவளோ நேரே வாசலில் நின்ற லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் ஒரு விரலை நீட்டியபடி வெளியே வந்தாள்.

"அக்கா, இது எண்ணெயா? தொட்டுப் பாருங்க."

தொட்டேன். வழுக்கவில்லை. விரலில் சாயம் ஒட்டியது. குங்குமம்! ஆயுத பூசையன்று எங்கள் ஆட்கள் லாரியின் நெற்றியோடு நிறுத்தாமல் பேட்டரி, பம்பு, ஸ்டியரிங் பெட்டி என்று கைக்கு எட்டிய இடமெல்லாம் பொட்டு வைத்திருந்தார்கள். மழையில் அது கரைந்து வழிந்திருந்தது. ரஹீம் அதைப் பார்த்துத்தான் பெட்டிக்கு நாள் குறித்துவிட்டார்.

"பெட்டி நல்லா இருக்கு. ஆனா டப்பா காலியாவுதே, எண்ணெயக் குங்குமமா குடிக்குது? வேற எங்கயோ போவுது. கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்பு போட்டுக் கழுவி, இருட்டும்வரை துணியால் ஒற்றி எடுத்தாள். மறுநாள் காலை என் வாசலில் நின்றாள்.

"மெல்லிசா, வெள்ளையா ஏதாவது தூவணும் அக்கா. எண்ணெய் முதல்ல எங்க நனைக்குதுன்னு அப்பதான் தெரியும். முகப் பவுடர் இருக்கா?"

"என் மூஞ்சிக்குப் பவுடர் வேறயா? திருநீறு இருக்கு. டின்னோட எடுத்துட்டுப் போ."

"சாமி சாமானாச்சே!"

"உங்க மாதா கேட்டா என் பேரைச் சொல்லு."

பம்பிலும், ரப்பர் குழாய்களிலும், ஒவ்வொரு இணைப்பிலும் திருநீற்றைத் தூவினாள். தலைமுடியைத் துணியால் இறுகக் கட்டி, இயந்திரக் காற்றாடிக்கு எட்டாத தூரத்தில் டார்ச்சோடு நின்றுகொண்டாள். ஓட்டுநர் இருக்கையில், இரண்டு தலையணைக்கு முன்னால், என்னை உட்கார வைத்தாள். இயந்திரம் உறுமியது.

"இடது பக்கம் முட்டுற வரைக்கும் திருப்புங்க. முட்டுனதும் விட்டுருங்க. புடிச்சுக்கிட்டே இருந்தா பம்பு செத்துரும்!"

கப்பலைத் திருப்புகிற கம்பீரத்தோடு திருப்பினேன். இடம், வலம், மறுபடி இடம். ஒன்றும் இல்லை. எனக்குத் தோள் விட்டுப்போனது.

"போதும்டி!"

"இன்னொரு தடவை, அக்கா."

அந்த இன்னொரு தடவைகள் ஐந்தாயின. ஆறாவதில் கத்தினாள்: "ஆஃப் பண்ணுங்க!"

பம்பிலிருந்து புறப்படும் தடித்த ரப்பர் குழாய் ஓர் இரும்பு வளையத்துக்குள் நுழைகிறது. அந்த இடத்தை ஒரு பட்டை மறைத்திருந்தது. அதன் ஓரத்தில், வெண்மையான திருநீற்றில், நூல் போல ஒரு சிவப்புக் கோடு. நேராக ஓடும்போது ஒழுகாது. முழுக்கத் திருப்பும்போது எண்ணெய் அழுத்தத்தில் கசிந்து, காற்றாடியின் காற்றில் சிதறிவிடும். ஓரிடத்திலும் சொட்டாததால் யாருக்கும் பிடிபடவில்லை.

ரஹீம் வந்து குனிந்து பார்த்தார். "அட, குழாயா! நான் பெட்டியவே கழட்டியிருப்பேன்லா." சிம்பாங் அம்பாட் டவுனில் அதே அளவில் புதுக்குழாய் செய்து வாங்கி, மாலைக்குள் மாட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை பரமநாதன் வந்தார். கூடவே, தொடை கனத்துக்குக் கையுள்ள ஓர் ஆள். சவுந்தரம் புதிதாகத் திருநீறு தூவிவிட்டு, சாக்கடைக்கும் வேலிக்கும் நடுவில் இருந்த குறுகிய இடத்தில் லாரியைப் பன்னிரண்டு தடவை திருப்பிக் காட்டினாள். பரமநாதன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். திருநீறு வெள்ளையாகவே இருந்தது.

"அந்தக்கா ஒரு விரல்ல திருப்புறாங்க முதலாளி. என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டுக் கைப்பலக்காரன் பஸ்ஸுக்கு நடந்தான்.

பரமநாதன் சட்டைப் பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்து, மரியாதையாக அவள் கையில் கொடுத்தார்.

இதுவரை எழுதியதைச் சவுந்தரத்துக்கு வாசித்துக் காட்டினேன். என் சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவரு எங்க குடுத்தாரு, அக்கா? சாவி இல்லாமயா பன்னெண்டு தடவை திருப்புனேன்? அந்த வாரம் பூரா அது என் இடுப்புலதான் இருந்துச்சு. ரெண்டு தடவை கேட்டாரு. நான் குடுக்கல."